அடிமைகளை விடுவிக்கத்தான் லிங்கன் போருக்குப் போனாரா?

கேள்வி இதுதான்: “அமெரிக்க உள்நாட்டுப் போர் அடிமை முறையை ஒழிக்க நடந்தது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் லிங்கனே பதவியேற்ற அன்று, ‘அடிமை முறையில் கைவைக்க மாட்டேன்’ என்றுதான் பேசியிருக்கிறார். அப்படியென்றால் சண்டை எதற்கு? நான்கு வருடம் என்ன நடந்தது? கடைசியில் அடிமை முறை எப்படி ஒழிந்தது?”

லிங்கன் அப்படிப் பேசியது உண்மை. போர் அடிமை முறையால் வந்தது என்பதும் உண்மை. இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் குழப்பம். தெற்கு மாநிலங்கள் ஏன் பிரிந்தன? அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள. வடக்கு ஏன் படை திரட்டியது? பிரிந்துபோனவர்களைத் திரும்ப இழுத்துவர. வடக்கின் இந்த நோக்கம் எப்போது, யாரால் ‘அடிமை முறையை ஒழிப்பது’ என்று மாறியது என்பதில்தான் அந்த நான்கு வருடக் கதையே இருக்கிறது. அதை மாற்றியவர்களின் வரிசையில் முதல் ஆள் லிங்கன் இல்லை என்பது என் கருத்து. முதலில் மாற்றியது யார் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் தெற்கின் பக்கம். 1860 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் அடிமைகள் 39.5 லட்சம் பேர். தென் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் ஊரில் பாதிக்கு மேல் அடிமைகளே. அவர்களை ஆட்களாக அல்ல, சொத்தாகக் கணக்குப் பார்த்தார்கள். அந்தச் ‘சொத்தின்’ விலை, நாட்டின் ரயில்பாதைகள், தொழிற்சாலைகள் எல்லாவற்றின் மதிப்பையும் சேர்த்தாலும் அதைத் தாண்டியது. அமெரிக்காவின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அவர்கள் பறித்த பருத்தி. இவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கும் ஒன்றை யாராவது சும்மா விடுவார்களா?

லிங்கனின் குடியரசுக் கட்சி கேட்டதுகூட முழு ஒழிப்பை அல்ல. இருக்கிற இடத்தில் இருக்கட்டும், மேற்கே புதிதாகக் குடியேறும் நிலப்பரப்புகளுக்குப் பரவக் கூடாது என்பதுதான். தெற்குக்கு அதுவே மரண ஓலையாகப் பட்டது. பரவாவிட்டால் புதிய மாநிலங்கள் எல்லாம் அடிமை இல்லாத மாநிலங்களாகும். நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை போகும். இன்றில்லாவிட்டாலும் நாளை சட்டம் வரும். 1860 நவம்பரில் லிங்கன் ஜெயித்தார். தெற்கின் பத்து மாநிலங்களில் அவருக்கு வாக்குச்சீட்டே அச்சிடப்படவில்லை, ஆனாலும் ஜெயித்தார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா பிரிந்தது. பிப்ரவரி தொடக்கத்துக்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்தன; அந்த மாதமே ஜெஃபர்சன் டேவிஸைத் தலைவராக்கி ‘கூட்டமைப்பு’ என்று தனி நாடு அறிவித்தன.

“இல்லை இல்லை, மாநில உரிமைக்காகப் பிரிந்தார்கள்” என்று இன்றும் ஒரு வாதம் சுற்றிவருகிறது. பிரிந்தவர்களே எழுதிவைத்ததைப் படித்தால் போதும். மிசிசிப்பியின் பிரிவினை அறிக்கை, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கூட்டமைப்பின் அரசியல் சட்டம், அடிமைகள்மீதான சொத்துரிமையைப் பாதிக்கும் எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று தடை போட்டது. துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்றார். மாநில உரிமை என்கிற வாதத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க மறுத்து வடக்கு மாநிலங்கள் தங்களுக்கென்று சட்டம் போட்டிருந்தன. தென் கரோலினாவின் முக்கியப் புகாரே அதுதான். அதாவது வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தியது என்பதே குற்றச்சாட்டு!

இப்போது லிங்கன். 1861 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது, அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் தலையிடும் எண்ணம் இல்லை, அதற்கு எனக்குச் சட்டப்படி உரிமையும் இல்லை என்றார். அதை நம்பாததால்தான் தெற்கு திரும்பிவரவில்லை. ஏப்ரல் 12 விடியற்காலை நாலரை மணிக்கு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் நடுவே இருந்த சம்டர் கோட்டையை நோக்கித் தெற்கின் பீரங்கிகள் சுட்டன. இரண்டு நாளில் கோட்டை கைமாறியது. லிங்கன் 75,000 தொண்டர் படையினரைக் கேட்டார், அதுவும் மூன்று மாதத்துக்கு. மூன்றே மாதத்தில் முடிந்துவிடும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. இந்த அழைப்பைக் கேட்டதும் வர்ஜீனியா உள்பட இன்னும் நான்கு மாநிலங்கள் பிரிந்துபோயின. ஆனால் அடிமை முறை இருந்தும் பிரியாத ‘எல்லை மாநிலங்களும்’ இருந்தன: கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலாவேர். இந்த நான்கையும் இழக்கக் கூடாது என்பதுதான் அடுத்த ஒன்றரை வருடம் லிங்கனின் வாயைக் கட்டிப்போட்ட கவலை.

இங்கேதான் நான் சொன்ன அந்த முதல் ஆட்கள் வருகிறார்கள்.

வர்ஜீனியாவில் செசபீக் விரிகுடாவின் வாயில் மன்றோ கோட்டை இருக்கிறது. மாநிலம் பிரிந்தாலும் கோட்டை வடக்கின் கையிலேயே இருந்தது. 1861 மே 23 அன்று வர்ஜீனியா வாக்காளர்கள் பிரிவினைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். அன்றிரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் ஒரு சிறு படகில் நீரைக் கடந்து அந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்க்கரையில் தெற்குப் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களைப் போட்டிருந்தார்கள். அடுத்து வட கரோலினாவுக்குக் கொண்டுபோகப் போவதாகப் பேச்சு. போனால் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்ப்பது நிச்சயமில்லை.

கோட்டைத் தளபதி பெஞ்சமின் பட்லர் வந்து சேர்ந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. தொழிலால் வக்கீல். அடிமை ஒழிப்பில் ஆர்வம் உள்ளவர் என்று யாரும் சொல்ல முடியாது: முந்தைய வருடம் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அதிபர் வேட்பாளராக ஜெஃபர்சன் டேவிஸுக்கே 57 முறை ஓட்டுப் போட்டவர். அப்போதைய சட்டப்படி அந்த மூன்று பேரையும் உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் வெள்ளைக்கொடியோடு தெற்கின் அதிகாரி ஒருவர் அவர்களைக் கேட்டு வந்தார். உங்கள் அரசியல் சட்டப்படி, தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தரும் கடமை உங்களுக்கு இருக்கிறதே என்றார். பட்லர் வக்கீல் மூளையைக் காட்டினார். வர்ஜீனியா இப்போது வெளிநாடு என்று நீங்களே சொல்கிறீர்கள், வெளிநாட்டுக்கு இந்தச் சட்டம் செல்லாது. இவர்களின் உடையவர் இங்கே வந்து அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யட்டும், தருகிறேன். அவர்களைச் சொத்து என்கிறீர்கள், அந்தச் சொத்தை வைத்து எனக்கு எதிராகப் பீரங்கி மேடை கட்டுகிறீர்கள். போரில் பகைவனின் கருவியைப் பறிமுதல் செய்வது வழக்கம்தான், இவர்களையும் பறிமுதல் செய்துவிட்டேன்.

கவனியுங்கள், அவர் அவர்களை மனிதர்கள் என்று சொல்லவில்லை. பறிமுதல் செய்த சாமான் என்றார். ஆனாலும் கதவு திறந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எட்டுப் பேர் வந்தார்கள். அடுத்து நாற்பதுக்கும் மேல், அதில் கைக்குழந்தைகளும் கிழவர்களும். ஜூலை முடிவில் 900 பேர். கிழவர் பீரங்கி மேடை கட்டவில்லையே, அவரை எந்தக் கணக்கில் பறிமுதல் செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் வாஷிங்டன் ஒவ்வொரு சட்டமாகப் போட்டுக்கொண்டே போனது. ஆகஸ்டில் முதல் பறிமுதல் சட்டம். 1862 ஏப்ரலில் தலைநகரில் மட்டும் அடிமை முறை ஒழிப்பு, உடையவருக்குத் தலைக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு. ஜூலையில், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் வடக்குப் படையிடம் வந்துவிட்டால் நிரந்தரமாகச் சுதந்திரமானவர்கள் என்ற இரண்டாவது பறிமுதல் சட்டம். ஓடியவர்கள் முன்னே, சட்டம் பின்னே. போர் முடிவதற்குள் இப்படி வடக்குப் படைகளை வந்தடைந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

சரி, போர்க்களத்தில் என்ன நடந்தது? பெரும்பாலானவர்கள் கெட்டிஸ்பர்க் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அமெரிக்க வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். கிழக்கே வாஷிங்டனுக்கும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டுக்கும் இடையே சுமார் 160 கிலோமீட்டர்தான். அந்தச் சின்னத் துண்டில் நான்கு வருடமும் முட்டி மோதினார்கள். எல்லை பெரிதாக நகரவே இல்லை. மேற்கே நிலைமை வேறு. டென்னசி, கம்பர்லாந்து, மிசிசிப்பி என்ற ஆறுகள் தெற்கின் வயிற்றுக்குள்ளேயே ஓடுகின்றன. ஆற்றைப் பிடித்தவன் நாட்டைப் பிடித்தான். கடல் பக்கம் லிங்கன் துறைமுக முற்றுகை போட்டார். தொடக்கத்தில் அது ஓட்டைச் சல்லடைதான். வருடத்துக்கு வருடம் இறுகியது.

1861 ஜூலையில் முதல் பெரிய சண்டை, புல் ரன் ஓடைக்கரையில். வாஷிங்டன் கனவான்கள் கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனார்கள். வடக்குப் படை சிதறி ஓடியது, வேடிக்கை பார்த்தவர்களும் சேர்ந்து ஓடினார்கள். சண்டை நடந்த இடத்தில் வில்மர் மக்லீன் என்பவரின் பண்ணை இருந்தது. அவருடைய வீட்டைத் தெற்கின் தளபதி பயன்படுத்திக்கொண்டிருந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக்கு ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது: பருத்தி. இங்கிலாந்தின் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்காவிலிருந்து போனது. பஞ்சு நின்றால் லங்காஷயர் பட்டினி கிடக்கும், பிரிட்டன் தானாக நம் பக்கம் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டு, தாங்களே ஏற்றுமதியை நிறுத்திவைத்தார்கள். லங்காஷயர் பட்டினி கிடந்தது உண்மைதான். ஆனால் பிரிட்டன் வேறு பக்கம் கைநீட்டியது: எகிப்து, பம்பாய், நம் திருநெல்வேலிச் சீமை. ரயில் எட்டாத அந்தக் காலத்தில் கரிசல் காட்டுப் பருத்தி மாட்டு வண்டியேறித் தூத்துக்குடி போய்க் கப்பலேறியது. விலை ஏறு ஏறென்று ஏறியது. பம்பாயில் ஒரே இரவில் கோடீஸ்வரன் ஆனவர்கள் உண்டு. 1865-இல் போர் முடிந்ததும் விலை சரிந்து அவர்களில் பலர் திவாலானார்கள். வேலை போய்ப் பசியில் கிடந்த மான்செஸ்டர் தொழிலாளர்களோ 1862 கடைசி நாளில் கூட்டம் போட்டு, நாங்கள் அடிமைகளின் பக்கம் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். அவரும் மறு மாதமே பதில் எழுதினார்.

கப்பல் என்றதும் இன்னொன்று. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் தெற்குக்காக ரகசியமாகக் கட்டிய ‘அலபாமா’ என்ற போர்க்கப்பல், வடக்கின் வணிகக் கப்பல்களைத் தேடித்தேடி எரித்துக்கொண்டு உலகைச் சுற்றியது. 1864 ஜனவரியில் அது மலபார் கடலுக்கும் வந்தது. எம்மா ஜேன் என்ற கப்பலை எரித்துவிட்டு, அதிலிருந்த ஆட்களைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போனது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு துளி நம் கரையிலும் தெறித்திருக்கிறது.

1862-க்கு வருவோம். மேற்கே யுலிசிஸ் கிராண்ட் என்ற, அதுவரை யாரும் பெரிதாக மதிக்காத தளபதி டென்னசி, கம்பர்லாந்து ஆறுகளின் கோட்டைகளைப் பிடித்தார். ஏப்ரலில் கடற்படை நியூ ஆர்லியன்ஸைப் பிடித்தது. தெற்கின் மிகப்பெரிய நகரம் போருக்கு ஒரு வயது ஆகும்போதே போய்விட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிழக்கே வடக்குப் படைத் தளபதி மக்கிளெல்லன், ஒரு லட்சம் பேரை வைத்துக்கொண்டு ‘எதிரி என்னைவிடப் பெரியவன்’ என்று புலம்பியே காலத்தை ஓட்டியவர், ரிச்மண்ட் வாசல்வரை போனார். அங்கே தெற்குப் படைக்கு ராபர்ட் லீ பொறுப்பேற்று ஏழே நாளில் அவரை விரட்டிவிட்டார்.

அந்த வருடம் மே மாதம் சார்ல்ஸ்டனில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘பிளான்டர்’ என்ற தெற்கின் ராணுவப் படகுக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர் ராபர்ட் ஸ்மால்ஸ், வயது 23, அடிமை. மே 12 இரவு வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கப் போனார்கள். விடியுமுன் ஸ்மால்ஸும் மற்ற மாலுமிகளும் கொதிகலனை மூட்டினார்கள். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். ஸ்மால்ஸ் கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவர் நிற்பதைப் போலவே நின்றார். வழியில் ஒவ்வொரு கோட்டைக்கும் வழக்கமான ஊதல் சைகையைக் கொடுத்தார்; அவை அவருக்கு மனப்பாடம். கடைசியாக சம்டர் கோட்டை, போர் தொடங்கிய அதே கோட்டை. அரையிருட்டில் தொப்பியைப் பார்த்துவிட்டு ‘போகலாம்’ என்று விட்டுவிட்டார்கள். பீரங்கி எட்டும் தூரத்தைத் தாண்டியதும் தெற்கின் கொடியை இறக்கி வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். முற்றுகையிட்டிருந்த வடக்குக் கப்பலிடம் படகையும் அதிலிருந்த பீரங்கிகளையும் ஒப்படைத்தார்கள். அடிமைக்கு மூளை கிடையாது, சொன்னதைச் செய்யத்தான் தெரியும் என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் இது சரியான அடி. ஸ்மால்ஸ் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். தன் தாய் அடிமையாக உழைத்த வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியிருந்தார்.

ஜூலை 22 அன்று லிங்கன் தன் அமைச்சர்களிடம் விடுதலைப் பிரகடனத்தின் வரைவைப் படித்துக் காட்டினார். தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் தோற்றவனின் கடைசி ஓலமாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்றார் வெளியுறவு அமைச்சர் சீவர்ட். வரைவு மேசை இழுப்பறைக்குள் போனது. அடுத்த மாதம் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில்தான், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடிந்தால் அப்படிச் செய்வேன் என்று லிங்கன் சொன்னார். இதை மட்டும் எடுத்துக் காட்டுகிறவர்கள் இழுப்பறையை மறந்துவிடுகிறார்கள். எல்லை மாநிலங்களுக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதே என் வாசிப்பு.

வெற்றி செப்டம்பரில் வந்தது, வந்த விதமும் அலாதி. லீ மேரிலாந்துக்குள் நுழைந்திருந்தார். அவருடைய படைத் திட்டத்தின் பிரதி ஒன்றை வடக்குச் சிப்பாய் ஒருவர் புல்வெளியில் கண்டெடுத்தார். மூன்று சுருட்டுகளைச் சுற்றிய தாளாக அது கிடந்தது. இவ்வளவு கையில் கிடைத்தும் மக்கிளெல்லன் நிதானமாகத்தான் நகர்ந்தார். 17-ஆம் தேதி ஆன்டிடம் ஓடைக்கரையில் ஒரே பகலில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், காணாமல் போனார்கள். லீ பின்வாங்கினார். ஐந்து நாளில் லிங்கன் அறிவித்தார்: ஜனவரி முதல் தேதிக்குள் திரும்பி வராத மாநிலங்களின் அடிமைகள் அன்றிலிருந்து சுதந்திரமானவர்கள்.

1863 ஜனவரி 1. காலை முழுக்கப் புத்தாண்டு விருந்தினர்களுடன் கைகுலுக்கி லிங்கனின் கை வீங்கியிருந்தது. கையெழுத்து நடுங்கினால் தயங்கினேன் என்று நாளை சொல்வார்கள் என்று பேனாவைக் கீழே வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எழுதினார். அந்தக் காகிதம் எல்லை மாநிலங்களைத் தொடவில்லை, வடக்கு ஏற்கெனவே பிடித்திருந்த சில பகுதிகளையும் தொடவில்லை. அதிகாரம் செல்லாத இடத்தில் விடுவித்தான், செல்லும் இடத்தில் அடிமைகளாகவே விட்டுவைத்தான் என்று அன்றே கிண்டல் செய்தார்கள். கிண்டலில் பாதிதான் உண்மை. அன்றிலிருந்து வடக்குப் படை ஒவ்வொரு மைல் முன்னேறும்போதும் அந்த மைலுக்குள் அடிமை முறை செத்தது. பிரிட்டனும் இனி வெளிப்படையாகத் தெற்கை ஆதரிக்க முடியாது. பிரகடனத்தின் கடைசிப் பகுதியில் அடக்கமாக ஒரு வரியும் இருந்தது: விடுதலையான ஆண்களைப் படையில் சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்ந்தார்கள். போர் முடிவதற்குள் தரைப்படையில் சுமார் 1,80,000 பேர். பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்துக்கொண்டு 7. மாசசூசெட்ஸ் 54-ஆம் படைப்பிரிவு, முழுச் சம்பளம் தராவிட்டால் ஒரு காசும் வேண்டாம் என்று ஒன்றரை வருடம் சம்பளம் வாங்காமலே சண்டையிட்டது. அந்தப் பிரிவுதான் 1863 ஜூலை 18 அன்று சார்ல்ஸ்டனுக்கு வெளியே வாக்னர் கோட்டையின் மணல் சுவரில் ஏறியது. தளபதி ராபர்ட் ஷா சுவர்மேல் சுடப்பட்டு விழுந்தார். வில்லியம் கார்னி என்ற சிப்பாய் உடம்பில் குண்டுகளோடு கொடியைத் தரையில் படவிடாமல் தூக்கி வந்தார். அதற்கான உயரிய பதக்கம் அவர் கைக்கு வர 1900 ஆனது. பிடிபட்ட கறுப்பர்களைப் போர்க்கைதிகளாக நடத்த மாட்டோம் என்றது தெற்கு. கைதிப் பரிமாற்றம் நின்றது. ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் முகாமில் ஏறத்தாழ 13,000 வடக்குச் சிப்பாய்கள் பசியிலும் வயிற்றுப்போக்கிலும் செத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே ஜூலையில்தான் போரின் இடுப்பு ஒடிந்தது. பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் மூன்று நாள், 51,000 பேர் அளவுக்குச் சேதம்; லீ திரும்பிப் போனார். மறுநாள், ஜூலை 4, மிசிசிப்பி ஆற்றின்மேல் விக்ஸ்பர்க் 47 நாள் முற்றுகைக்குப் பிறகு கிராண்டிடம் பணிந்தது. எனக்கு இரண்டாவதே பெரியது. அடுத்த சில நாளில் முழு ஆறும் வடக்கின் கைக்கு வந்து தெற்கு இரண்டு துண்டானது. விக்ஸ்பர்க் மக்கள் குண்டுக்குப் பயந்து மண்குகைகளில் குடியிருந்தார்கள், கோவேறு கழுதையைச் சமைத்தார்கள். ஊர்ப் பத்திரிகைக்குக் காகிதம் தீர்ந்து, சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்புறத்தில் அச்சடித்தார்கள். ஏப்ரலில் கிராண்ட் எங்கே ஆற்றைக் கடப்பது என்று திண்டாடியபோது, புருயின்ஸ்பர்க்கில் நல்ல இறங்குதுறையும் உள்ளே போக நல்ல சாலையும் இருக்கின்றன என்று இரவில் வந்து சொன்னவர் ஒரு கறுப்பர். கிராண்டே இதை எழுதியிருக்கிறார். அவர் பெயரை மட்டும் எழுதவில்லை.

வடக்கையும் நாம் மாலை போட்டுக் கொண்டாட வேண்டாம். கட்டாய ராணுவ சேவைச் சட்டம் 300 டாலர் கட்டினால் விலக்கு தந்தது. ‘கறுப்பனுக்காக நாங்கள் ஏன் சாக வேண்டும்’ என்று அதே ஜூலையில் நியூயார்க் நகர ஏழை வெள்ளையர்கள் கலவரத்தில் இறங்கி, கறுப்பர்களை விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். கறுப்புக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். தெற்கிலும் இதே கதையின் மறுபக்கம்: 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையர் வீதம் ராணுவத்திலிருந்து விலக்கு. பணக்காரன் மூட்டிய சண்டைக்கு ஏழை விறகா என்று ஓடிப்போன சிப்பாய்கள் ஏராளம். 1863 ஏப்ரலில் ரிச்மண்ட் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள்.

1864-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படிக்கவே அலுப்பூட்டும் அளவுக்கு ரத்தம். எல்லாப் படைக்கும் தலைவரான கிராண்ட், லீயை விடாமல் உடும்புப் பிடியாகப் பிடித்தார். ஒன்றரை மாதச் சண்டைக்குப் பிறகு பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே பதுங்குகுழிகளில் ஒன்பது மாதம் உட்கார்ந்தார். நாடே சலித்துப்போனது. நவம்பரில் தேர்தல், எதிர்வேட்பாளர், பதவியிலிருந்து நீக்கப்பட்ட அதே மக்கிளெல்லன். நான் தோற்பேன் என்று ஆகஸ்டில் லிங்கனே காகிதத்தில் எழுதி மடித்து அமைச்சர்களிடம் படிக்கத் தராமல் பின்பக்கம் கையெழுத்து வாங்கிவைத்தார். செப்டம்பர் 2 அன்று வடக்கின் தளபதி ஷெர்மன் அட்லாண்டாவைப் பிடித்தார், காற்று திரும்பியது. அங்கிருந்து கடல்வரை ஷெர்மன் படை ரயில்பாதையைப் பெயர்த்து, களஞ்சியத்தைக் காலிசெய்துகொண்டே நடந்தது. பின்னாலேயே ஆயிரமாயிரம் அடிமைக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தன.

ஷெர்மனுக்குக் கறுப்பர்மேல் எந்தப் பாசமும் இல்லை. பின்தொடர்கிறவர்களை என்ன செய்வது என்று 1865 ஜனவரி 12 அன்று சவன்னாவில் அவரும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனும் 20 கறுப்புப் போதகர்களை அழைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், வயது 67. ஆயிரம் டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் தானே விலைக்கு வாங்கி மீண்டவர். அடிமை முறை என்றால் என்னவென்று புரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எதிர்க்க முடியாத பலத்தால் இன்னொருவனின் உழைப்பை அவன் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்வது என்றார். உங்களை நீங்களே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்? நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவோம். வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனியாகவா? தனியாக. தெற்கில் எங்கள்மேல் இருக்கும் வெறுப்பு தீரப் பல வருடம் ஆகும். நான்காம் நாள் ஷெர்மன் ஆணை போட்டார்: கடலோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள்.

ஜனவரி 31 அன்று அடிமை முறையை நாடு முழுக்க ஒழிக்கும் அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டிய கீழ்ச்சபையில் 119-க்கு 56 என்று தப்பிப் பிழைத்தது. தெற்கிலோ வேறு நாடகம். ஆள் போதாமல், அடிமைகளையே சிப்பாய்களாக்கலாமா என்று விவாதம். அடிமைகள் நல்ல சிப்பாய்கள் ஆவார்கள் என்றால் அடிமை முறை பற்றிய நம் கொள்கையே தப்பு என்று எழுதினார் ஜார்ஜியாவின் ஹவல் காப், கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். எதற்காகப் பிரிந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம். மார்ச் நடுவில் வேண்டாவெறுப்பாகச் சட்டம் போட்டார்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏப்ரல் 3-இல் ரிச்மண்ட் விழுந்தது. முதலில் நுழைந்தவற்றில் கறுப்புப் படைப்பிரிவுகளும் இருந்தன. 9-ஆம் தேதி அப்போமட்டாக்ஸ் என்ற சிற்றூரில் லீ சரணடைந்தார். கூடிப் பேச ஒரு வீட்டு வரவேற்பறை கிடைத்தது. வீட்டுக்காரர் யார் தெரியுமா? வில்மர் மக்லீன். புல் ரன்னில் குண்டுக்குத் தப்பி, போர் எட்டாத இடம் என்று குடிபெயர்ந்து வந்தவர். ஐந்து நாள் கழித்து லிங்கன் சுடப்பட்டார். அதற்கு மூன்று நாள் முன்புதான், கறுப்பர்களில் படித்தவர்களுக்கும் போரிட்டவர்களுக்கும் ஓட்டுரிமை தரலாம் என்று பேசியிருந்தார். கொலைகாரன் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டெக்சாஸின் கால்வெஸ்டனில் அடிமைகளுக்கு விடுதலைச் செய்தி ராணுவ ஆணையாக வாசிக்கப்பட்டது ஜூன் 19 அன்றுதான். இன்று அமெரிக்காவில் அது தேசிய விடுமுறை. டிசம்பரில் 13-ஆம் திருத்தம் சட்டமானது, குற்றத்துக்குத் தண்டனையாக அல்லாமல் என்ற ஒரு விலக்கோடு. அந்த விலக்கின் வழியாகத் தெற்கு எத்தனை ஆயிரம் பேரைக் கைதிகளாக்கித் திரும்ப வயலில் இறக்கியது என்பது தனிக் கதை. போரில் செத்தவர்கள் 6.2 லட்சம் என்பது பழைய கணக்கு, 7.5 லட்சம் வரை போகலாம் என்கிறது பிந்தைய ஆய்வு. மூன்றில் இரண்டு பங்கு குண்டால் அல்ல, நோயால்.

ஃபிரேசியர் கேட்டு வாங்கிய நிலத்தை, லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருடம் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார். விதைத்தவர்களை ராணுவமே வெளியேற்றியது.

ஜெஃபர்சன் டேவிஸ் மே 10 அன்று ஜார்ஜியாவில் பிடிபட்டார். அவரை எங்கே அடைத்தார்கள் என்றால், மன்றோ கோட்டையில்தான். மே 22 அன்று உள்ளே கொண்டுபோனார்கள்; மறுநாள் காலில் விலங்கு மாட்டினார்கள், சில நாளில் கழற்றிவிட்டார்கள். மூன்று பேர் படகில் வந்து அந்தக் கோட்டைக் கதவைத் தட்டி அன்றோடு சரியாக நான்கு வருடம் ஆகியிருந்தது.